பாறையில ஆள் இருக்கு

ஈத்தங்காட்டுச் சனம் காற்றை விற்கத் தொடங்கி இது மூன்றாவது கோடை. இப்படிச் சொன்னது நான் இல்லை, அடுக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர் உலகத்தைக் கேலி பேசுகிறவர்கள். பெரியகுளம் சந்தைக்குப் போகிற வழியில் ஒச்சனோ அவன் தங்கை புருஷன் கணேசனோ டீ குடிக்க நின்றால் போதும். "என்னப்பா, இந்த வருசம் காத்து நல்ல வெளைச்சலா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒச்சன் சிரித்துக்கொண்டே டீயை ஊதுவான். கணேசனுக்குத்தான் முகம் கறுத்துப் போகும்.

விஷயம் இதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஓர் ஆலைக்காரன் புகை விடுகிறான். நிறுத்த அவனுக்கு மனசு இல்லை. இந்தச் சரிவில் நிற்கிற மரங்கள் அந்தப் புகையைக் குடித்து, கரியாக்கி, தங்கள் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றனவாம். மரத்தைக் காக்கிற சனத்துக்கு ஆலைக்காரன் ஏதாவது கொடுத்தால் அவன் விட்ட புகை கணக்கில் கழிந்துவிடுமாம். நடுவில் ஒரு கம்பெனி. கம்பெனி சார்பில் கொடைக்கானலிலிருந்து அருள்பிரகாஷ் வந்து, வேப்பமரத்தில் துணி கட்டிப் படம் காட்டினார். அந்தக் காட்டின் மேல் ஊருக்கு உரிமை இருந்ததால் ஊர் சம்மதம் வேண்டியிருந்தது. ஊரும் தலையாட்டியது. குழாயில் தண்ணீர் வந்தது, முச்சந்தியில் சோலார் விளக்கு வந்தது. பதிலுக்கு இரண்டே நிபந்தனை. மரம் வெட்டக்கூடாது, காட்டுக்குள் தீ கூடாது.

முதல் நிபந்தனையைக் கேட்டு ஒச்சன் வாய்விட்டே சிரித்தான். இந்த மலையில் மரம் வெட்டியவன் எல்லாம் லாரியில் வந்தவன். இரண்டாவதைக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாறைத்தேன் எடுக்கப் புகை வேண்டும். ஆனால் அதை எழுந்து நின்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வாய் வராததற்குக் காரணம் கம்பெனி பயம் மட்டும் இல்லை. தேனுக்குப் போவதை ஈத்தங்காட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போகிறவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். காட்டுக்கொடி முறுக்கிய கயிற்றைத் தோளில் போடுவான், அவள் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். பாறை விளிம்பிலிருந்து அவன் கயிற்றில் இறங்கி, ஏறி, கால் தரையில் படும்வரை அவன் எங்கே என்று யார் கேட்டாலும் வீட்டில் "எங்கயும் போகல" என்பதே பதில். சொன்னால் பாறைக்குக் கேட்டுவிடும், பூச்சி, அதாவது தேனீ, கிளம்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்னொரு வழக்கமும் உண்டு. தொங்குகிறவனுக்கு மேலே கொடியைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூட ஆகாது. அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். மச்சான்தான், தங்கை தாலியை நினைத்துக் கையை விடமாட்டான்.

முதல் வருஷம் மரத்தை அளக்க அருள்பிரகாஷ் டேப் கொண்டுவந்தார். ஒச்சனும் கணேசனும் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் கட்டிப்பிடித்து டேப்பைச் சுற்றிக் கொடுத்தார்கள். "பொண்டாட்டியக்கூட இம்புட்டுக் கட்டிப் புடிச்சதில்ல சார்" என்று ஒச்சன் சொல்ல, அவன் மனைவி ராஜேஸ்வரி தண்ணீர்க் குடத்தோடு நின்று முறைத்தாள். இந்த வருஷம் டேப் இல்லை. சரிபார்க்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறார்களாம். அதற்கு முன்னால் காடு முழுவதையும் ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து அளந்தாக வேண்டுமாம்.

அதற்காக அருள்பிரகாஷ் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டார். கூடவே அட்டுவம்பட்டிப் பெண் ஒருத்தி, ஜென்சி என்று பெயர், ட்ரோன் ஓட்டுகிறவள். முச்சந்தியில் கணேசனின் மனைவி பாண்டீஸ்வரியும் ராஜேஸ்வரியும் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவர் தலையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நாளைக்குக் காலையில பறக்கவிடப் போறோம்மா. காட்டுக்குள்ள யாராச்சும் போறாங்களா?" என்று அருள்பிரகாஷ் கேட்டார். "ஆளுங்க இருந்தா சொல்லுங்க, அந்தப் பக்கத்த விட்டுட்டு இன்னொரு நாள் வெச்சுக்கலாம். ஒண்ணும் அவசரம் இல்ல."

அன்று காலையில்தான் கணேசன் தேனுக்குப் போகக் கொடியை ஓடையில் ஊறப்போட்டிருந்தான். பாண்டீஸ்வரி கையில் இருந்த காயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யாரும் போகல சார்."

"கண்டிப்பா?"

"அவரு கெழங்கு தோண்டக்கூட போகல. கீழ தோட்டத்துல சோலி கெடக்கு."

ராஜேஸ்வரி குனிந்தபடியே அடுத்த காயைப் பிளந்தாள். அருள்பிரகாஷ் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் சொன்னதும் அவளளவில் பொய் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு அவள் அறிந்த பதில் அது ஒன்றுதான். ட்ரோன் என்றால் மரத்துக்கு மேலே பறக்கும் என்று நினைத்தாளே தவிர, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளனே இரண்டு ஆண்களும் கிளம்பினார்கள். நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, சுட்ட கருவாட்டோடு குடித்தான் கணேசன். கத்தி, காலித் தகரம், பச்சிலை சுற்றிய புகைப்பந்தம், கொடி. வாசலில் ஒச்சன் பீடியோடு காத்திருந்தான். தங்கையைப் பார்த்து, "கஞ்சிக்கு உப்பு பத்தலைன்னு ஒம்மாப்ள மூஞ்சி சொல்லுது" என்றான். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. இந்த நாளில் அவளுக்குச் சிரிப்பு வராது. கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான்.

அவர்கள் போனபின் காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சித்திரை வெயில் அதற்குள்ளாகவே சுள்ளென்று இருந்தது. மேலே கொடைக்கானலில் சீசன் கூட்டம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும், இங்கே பாறை கொதிக்கும். கட்டையால் தட்டி, தோட்டைப் பிளந்து, பஞ்சை எடுத்துச் சாக்கில் திணித்தாள். காற்று அடிக்கும்போது பஞ்சு பறந்து மூக்கில் ஏறியது. வியாபாரி திங்கட்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு பாறையில் இருந்தது.

இரைச்சல் கேட்டபோது முதலில் அவள் தேனீ என்றுதான் நினைத்தாள். பிறகுதான் அது வானத்தில் ஓரிடத்திலிருந்து வருவது தெரிந்தது. கையகலக் கறுப்பு ஒன்று, மரங்களின் தலைக்கு மேலே கோடு போட்ட மாதிரி போனது, திரும்பியது, மறுபடி போனது. உழவு மாடு சால் போடுவது போல. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போனது. அது போகிற போக்கில் போனால் எங்கே முடியும் என்று அவள் கண்ணால் அளந்தாள்.

கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

முச்சந்தியில் ஜீப் நின்றது. ஜென்சி கையில் பெட்டி மாதிரி ஒன்றைப் பிடித்து அதன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்பிரகாஷ் பக்கத்தில் குடை பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக் குழாயடியில் ராஜேஸ்வரி நின்றாள்.

"சார், அத எறக்குங்க."

"என்னம்மா?"

"எறக்குங்க சார். வெரசா எறக்குங்க."

"இன்னும் பாறை ஓரம் மட்டும்தான் பாக்கி. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும். ஏன், சத்தம் ஏதும் தொந்தரவா இருக்கா?"

பாண்டீஸ்வரி குழாயடிப் பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது. அவன் இப்போது அந்தரத்தில் இருப்பான். இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் தானே அவனைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகும். திறக்காவிட்டால் அந்த இரைச்சல் போய்த் தள்ளும். ராஜேஸ்வரியைப் பார்த்தாள். ராஜேஸ்வரி தலையை லேசாக, இல்லை என்கிற மாதிரி ஆட்டினாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்னம்மா, சொல்லுங்க?"

"பாறையில ஆள் இருக்கு" என்றாள் பாண்டீஸ்வரி.

"நேத்து யாரும் இல்லைன்னீங்களே!"

"இருக்காங்க சார். எங்க வீட்டுக்காரரு கொடியில தொங்கிக்கிட்டிருக்காரு. மேல எங்கண்ணன். பூச்சி, சார், பாறை பூராம் பூச்சி! சத்தம் கேட்டா எந்திரிச்சிரும்!"

ஜென்சிக்குத்தான் முதலில் புரிந்தது. "யேசப்பா" என்று முணுமுணுத்தாள். திரையில் பாறை வந்துவிட்டிருந்தது. வெயிலில் வெளிறிய பாறை, அதில் அடை அடையாகக் கறுப்பு, விளிம்பில் ஒரு மரம், மரத்தடியில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்த ஓர் உருவம். கீழே, நூல் மாதிரி தெரிந்த கொடியில், கணேசனின் நீலச் சட்டை. பாண்டீஸ்வரி தன் புருஷன் தேன் எடுப்பதை அதுவரை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. பெண்கள் பார்ப்பது வழக்கமில்லை. இவ்வளவு உயரமா, இவ்வளவு ஒல்லியான கொடியா என்று திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"ரிட்டர்ன் அமுக்கு" என்றார் அருள்பிரகாஷ்.

"அமுக்குனா நேரா வரும் சார். பாறைய ஒட்டித்தான் வரும்."

"அப்ப அங்கயே நிறுத்து!"

"நின்னாலும் சத்தம் இருக்குமே! பின்னால தள்ளி மரத்துக்குள்ள எறக்கிடவா? போயிரும் சார், திரும்பக் கெடைக்காது. காலையில எடுத்த அளவு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

அருள்பிரகாஷ் திரையையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாண்டீஸ்வரி ஜென்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, ஒங்கால்ல விழுறேன். அவருக்குக் கீழ பாதாளம் பாப்பா."

"எறக்கு" என்றார் அருள்பிரகாஷ்.

ட்ரோன் பின்வாங்கும்போதே திரையில் அது நடந்தது. பாறையில் அப்பியிருந்த கறுப்பு ஓரத்தில் அலை அலையாக நெளிந்தது. பிறகு மொத்தமாக உரிந்து காற்றில் வந்தது. நீலச் சட்டை மறைந்தது. மரத்தடி உருவமும் மறைந்தது. திரையில் இலைகள் வேகமாக வந்தன, ஒரு குலுக்கல், அப்புறம் ஒன்றும் இல்லை.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறைக்கு மேலே புழுதி மாதிரி ஏதோ சுழன்றது. இத்தனை தூரத்துக்குச் சத்தம் இல்லை. அந்த அமைதிதான் பாண்டீஸ்வரியை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கத்துங்கம்மா! மேல ஏறச் சொல்லுங்க!" என்றார் அருள்பிரகாஷ்.

"கூப்புடாதீங்க சார்! திரும்பிப் பாத்தாருன்னா கை நழுவிரும்" என்றாள் பாண்டீஸ்வரி.

குடம் உருண்டது. ராஜேஸ்வரி முன்னால் ஓடினாள். பாண்டீஸ்வரி வழியில் காய்க் குவியலருகே நின்று, பஞ்சு திணித்த சாக்குகளைக் கொட்டிக் காலியாக்கி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அருள்பிரகாஷும் ஜென்சியும் பூட்ஸ் வழுக்க வழுக்க ஏறினார்கள். ஓடை, மூங்கில் புதர், சரளைச் சரிவு. பாண்டீஸ்வரிக்கு யோசனை ஒன்றே ஒன்றுதான். சொன்னேன், உடனே எழுந்தது. சொன்னேன், உடனே எழுந்தது. ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் இதுவே திரும்பத் திரும்ப வந்தது.

மேலே போனதும் நெருங்க முடியவில்லை. தேனீ இரைச்சல் காதை அடைத்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தரையோடு படுத்தார்கள். ராஜேஸ்வரி பச்சைக் கிளைகளை ஒடித்துக் குவித்தாள். தீப்பெட்டி யாரிடமும் இல்லை. அருள்பிரகாஷ் பையைத் துழாவி லைட்டரை எடுத்துத் தானே பற்றவைத்தார். தீயே கூடாது என்று படம் போட்டு விளக்கிய மனிதர், முழங்காலில் உட்கார்ந்து கன்னம் உப்ப ஊதினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகை எழும்பி விளிம்பு மரத்தைச் சுற்றிக்கொண்டபின்தான் இரைச்சல் மெல்ல விலகியது.

ஒச்சன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். முகம் என்று ஒன்று இல்லை. கண் இருக்கிற இடம் தெரியவில்லை. கழுத்திலும் கையிலும் பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. கொடியின் நுனி மரத்தில் கட்டித்தான் இருந்தது. ஆனால் பாறை விளிம்பில் அது உரசினால் அறுந்துவிடும். உரசாமல் தூக்கிப் பிடிக்கத்தான் மேலே ஓர் ஆள். ஒச்சன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு கையை விட்டு முகத்தைத் தட்டியிருந்தால்கூடப் போதும், பாதிக் கொட்டு குறைந்திருக்கும். அவன் தட்டவில்லை.

"கணேசா, ஏறிட்டியா?" என்று வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

கணேசன் ஏறிக்கொண்டிருந்தான். அவனும் வீங்கித்தான் இருந்தான். ஆனால் கையில் புகைப்பந்தம் இருந்ததால் தப்பியிருந்தான். விளிம்பில் அவன் கை தெரிந்ததும் பாண்டீஸ்வரி அதைப் பிடித்து இழுத்தாள். அவன் மூச்சு வாங்க, "மச்சான் கொடிய ஒரு தடவகூட ஆட்டல, பாண்டி" என்றான். அதைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். ஒச்சனின் விரல்களைக் கொடியிலிருந்து பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு அருள்பிரகாஷே ஜீப்பை ஓட்டினார். அடுக்கம் சாலையின் வளைவுகளில் ராஜேஸ்வரி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பூச்சிக் கொடுக்குகளை முள் முள்ளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். பாண்டீஸ்வரி எதிரே கணேசனைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பாண்டீஸ்வரிக்கு மதினியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தன் புருஷன் உட்கார்ந்து வருகிறான். அவள் புருஷன் கிடக்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். கணேசனுக்குச் சாயங்காலமே வீக்கம் வடியத் தொடங்கியது. ஒச்சனைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரிப் பேசினார். "வெஷம் நெறைய ஏறியிருக்கு. சிறுநீரகத்தப் பாதிக்குதான்னு பாக்கணும். ஒண்ணுக்கு ஒழுங்காப் போகணும், நெறம் மாறாமப் போகணும். நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார். சிறுநீர்க் குழாய் செருகி, அதன் பையைக் கட்டிலில் தொங்கவிட்டார்கள்.

அதற்குப்பின் உலகத்தில் அந்தப் பை ஒன்றுதான் இருந்தது. ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தால் அவள் தோள் இறங்கும். விழாவிட்டால் எழுந்து குழாயைத் தடவிப் பார்ப்பாள். அருள்பிரகாஷ் டீயும் பன்னும் வாங்கிவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. அவர் போகும்போது பாண்டீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் முந்தின நாளே கேட்டேன்லம்மா? கம்பெனியில கேப்பாங்க, அதுக்குத்தான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பயம். "கேட்டீங்க சார்" என்றாள் அவள்.

மறுநாள் காலை பையில் விழுந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். மதுரைக்கு அனுப்ப வேண்டும், ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற மெஷின் அங்கேதான் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்.

ராஜேஸ்வரி வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாண்டீஸ்வரி பின்னால் வந்தாள். இனிமேலும் அடக்க அவளால் முடியவில்லை.

"மதினி, என்னைய அடிச்சிருங்க. நான் வாயத் தொறந்தேன், அந்த நிமிசமே கெளம்புச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா எங்கண்ணன்..."

"சும்மா இரு."

"நீங்க தலையாட்டினீங்க, சொல்லாதன்னு. நான் கேக்கல."

"சும்மா இருன்னேன்ல." ராஜேஸ்வரி திரும்பினாள். கண் காய்ந்து சிவந்திருந்தது. "நீ வாரதுக்கு முன்னாடியே நான் குழாயடியில நின்னேன் பாண்டி. அந்தப் பாப்பா அத மேல ஏத்துறப்பவே நின்னேன். பாறைப் பக்கமாப் போகணும்னு அந்த சாரு வெரலக் காட்டிப் பேசுனாரு. எல்லாம் கேட்டுச்சு. ஒம்புருசன் தொங்குறாரு, நான் சொல்லி அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா ஒம்மூஞ்சில எப்புடி முழிப்பேன்னு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். கொடத்துல தண்ணி ரொம்பி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டு நேரம் நின்னேன்."

நேற்றிலிருந்து பாண்டீஸ்வரி இவளுக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். இவளும் அதே பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. ஒச்சனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கணேசன் ஒரு கண்ணை மட்டும் திறக்க முடிந்தவனாக, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஒச்சனுக்கு நினைவு வந்து வந்து போனது. வண்டிக்குள் ஏற்றும்போது விரல்கள் எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கின.

"யாரு கூட வர்றது? ஒருத்தர்தான் ஏறலாம்" என்றான் வண்டிக்காரன்.

"நான் சம்சாரம்" என்றாள் ராஜேஸ்வரி. ஒரு காலை ஏற்றி வைத்தாள். உள்ளே கிடந்தவனின் முகத்தைப் பார்த்தாள். வைத்த காலை மறுபடி கீழே எடுத்து, பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, பாண்டி. நீயும் ஏறு."